தண்ணீர் காணாத பிளான்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், தேயிலை மலையில் இருக்கும் சித்திரபுரத்தில் கட்டடங்களுக்குப் பிளான் போடும் ஓர் அலுவலகத்தில், பிளான்களைப் பாதுகாக்கும் வேலை எனக்கு. கொழிஞ்சாம்பாறையிலிருந்து மலையேறி வந்திருந்தேன். "பொம்பளப் புள்ள மலையேறிப் போய்க் காயிதம் அடுக்கறதெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்று ஊரில் சிரித்தார்கள். வந்து அடுக்கிப் பார்த்திருக்க வேண்டும். அங்கே எதையும் வரைந்தவர் பெயரைச் சொல்லித்தான் தேடுவார்கள்; ஆள் வேலையை விட்டுப் போனால் பிளானும் போன மாதிரிதான். நான் எல்லாவற்றையும் கட்டடவாரியாகப் பிரித்து, சுருளுக்குச் சுருள் கட்டடத்தின் பேரெழுதிச் சீட்டுக் கட்டினேன்.

ஒருநாள் தலைமை டிராஃப்ட்ஸ்மேன் வந்து நின்றார். எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை நீட்டிக் கட்டப்போகிறார்கள். அடியில் கழிவுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று காட்டும் பழைய பிளான் வேண்டுமாம். தேடினேன். இல்லை.

"திங்கட்கிழமை தோண்டறோம். அதுக்குள்ள கிடைக்கலேன்னா நீங்க ஊருக்குப் பஸ் ஏறலாம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் வர்றதுக்கு முந்தியே தொலைஞ்சதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்?" என்றேன்.

அப்போதெல்லாம் மூலப் பிளானைக் கஞ்சி ஏற்றிய மெல்லிய துணியில்தான் வரைவார்கள். ஓரம் கிழிந்ததைக் கழித்துவிடுவார்கள். வெந்நீரில் அலசினால் மையும் கஞ்சியும் போய் நல்ல பருத்தித் துணி மிஞ்சும். தொழிலாளர் குடியிருக்கும் எஸ்டேட் லயங்களில் பாதிப் பிள்ளைகளுக்கு அதில்தான் சட்டை. விசாரித்ததில், நான் வருவதற்கு முன் கடைசியாகக் கழித்த கட்டு அலுவலகம் பெருக்கும் பெண்ணுக்குப் போயிருந்தது. அவளுக்கு நிறைமாதம்.

தொலைந்தது என்று நினைத்துக்கொண்டே லயத்துக்கு ஓடினேன். "ஏம்மிணி, அந்தத் துணிய அலசிப்போட்டியா?"

"நல்லாக் கேட்டீக போங்க! புள்ள பொறக்குமுன்ன யாராச்சும் துணி தைப்பாகளா? பெட்டியில கெடக்கு. இன்னும் தண்ணியே காணல."

என் வயிற்றில் பால் வார்த்தாள். விரித்துப் பார்த்தோம்; வார்டு பிளானும் அதில் இருந்தது, குழாய் ஓடும் வழி அழியாமல் இருந்தது. எடுத்துக் கொடுத்தவளின் முகம் மட்டும் வாடிப்போயிற்று. "அப்ப எம்புள்ளைக்கு?" என்றாள்.

"என்ர பழைய சேலை இருக்குது. பஞ்சாட்டம் இருக்கும்" என்றேன்.

திங்கட்கிழமை பிளான் தலைமை டிராஃப்ட்ஸ்மேன் மேசையில் இருந்தது. நெடுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "இனிமே எதைக் கழிச்சாலும் இவங்களைக் கேட்டுட்டுக் கழியுங்க" என்றார்.

வார்டு முடிவதற்குள் அவளுக்குப் பெண் பிறந்துவிட்டது. என் நீலச் சேலையில் சுற்றி, குழந்தையை அலுவலகத்துக்கே தூக்கிவந்து, சுருள்களுக்கு நடுவே என் மேசையில் கிடத்தினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தலைமை டிராஃப்ட்ஸ்மேன் எட்டிப் பார்த்தார்.

"இதுக்குச் சீட்டுக் கட்டலையா?"

"பேரு வெச்சதும் கட்டறனுங்க" என்றேன்.