லீவு வீடு

சேலத்து லாரி ஷெட்டில் இன்று மூட்டை இறக்கும்போது கிழிந்த உப்புச் சாக்கின் ஈர வாடை அடித்ததும், மரக்காணத்து உப்பளத்தோரம் முழுப் பரீட்சை லீவில் நாங்கள் தங்கிய ஓலை வீடு ஞாபகம் வந்தது. அக்கா ஸ்டெல்லாவும் நானும் உப்புப் பாத்தி வரப்புகளில் ஓடி, கழுவெளிச் சதுப்பில் நாரைகளைக் கலைத்து, கடல்வரை போய், காலில் உப்புப் பூத்துத் திரும்புவோம். ஒருநாள் அக்கா பாத்திக்குள் வழுக்கிப் பாதத்தைக் கிழித்துக்கொண்டாள். அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த பெண் சிரித்தாள்.

“இதுக்கே அழுவுறியே பாப்பா! திங்கக்கிழமைலேந்து எங்ககூட உப்பு வார வர்றியாமே, உங்கப்பா சொல்லிட்டாரு.”

“லீவு முடிஞ்சா எனக்கு ஒம்பதாவதுக்கா,” என்றாள் ஸ்டெல்லா அந்தப் பெண்ணிடம்.

அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அன்று மாலையும் போனோம். ஸ்டெல்லா கடலைப் பார்க்கவில்லை. வரப்பில் எங்கே கால் வைப்பதென்று பார்த்தே நடந்தாள். அந்த ஓலை வீட்டைப் பிறகு ஒரு புயல் கொண்டுபோய்விட்டது. அவள் இன்றும் அதே வரப்பில் உப்புக் கூடையோடு அப்படித்தான் நடக்கிறாள்.