செப்டிக் குழியில் முறுக்கு அடுப்பு

பன்னிரண்டு குடும்பம் ஒரே சமயத்தில் ஃப்ளஷ் இழுத்தால் எங்கள் தெருவே கீழே இறங்கிவிடும் என்று நான் நம்பினேன். வேறு யாராவது நம்பியிருந்தால் மன்னித்துவிடலாம். நான் டிரெயினேஜ் பிரிவில் ஓவர்சியர்.

எழுபதுகளின் கடைசி. வலியசாலையில் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்து மூன்று மாடி ஃப்ளாட் கட்டத் தொடங்கினார்கள். அமைதியான தெரு, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். காரும் கூட்டமும் வரும், வெயில் மறையும் என்று எல்லாரும் பயந்தார்கள். எனக்கோ பயத்தில் மோர் சாதம்கூட இறங்கவில்லை.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருந்தது; நான் சைட்டைப் போய்ப் பார்க்கவே இல்லை. பிளானில் செப்டிக் டாங்க் தெருப்பக்கம். முன்னால் கார் ஷெட் வேண்டுமென்று காண்ட்ராக்டர் அதைக் கொல்லையில் தோண்டிவிட்டார், அடுத்த வீட்டு ராஜம் மாமியின் கிணற்றை ஒட்டி. முறுக்கு விற்று இரண்டு பெண்களைப் படிக்கவைத்தவள் மாமி. மாவு பிசைய அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

காங்கிரீட் போடும் அன்று காலை, அடுப்பும் வாணலியுமாக மாமி குழிக்குள் இறங்கிவிட்டாள்.

எங்கள் ஆபீஸ் மலையாளி எஞ்சினீயர் என்னைக் கூப்பிட்டார். "எடோ, உன் தெருதானே? அந்த அம்மாவை வெளியே ஏத்து. இல்லேன்னா மாற்றல், கேட்டோ."

குழி விளிம்பில் நின்று கெஞ்சினேன். "மாமி, என் வேலைக்கே வினை வரும். மேலே வாங்கோ."

"எண்ணெய் காஞ்சாச்சு. நீர் கீழே வாரும்."

நாகர்கோவில் பக்கத்து மேஸ்திரி கலவைச் சட்டியைக் கீழே வைத்தார். "எரியுத அடுப்பு மேல சிமெண்ட் கொட்ட மாட்டோம் சாரே."

"ஓவர்சியரே, நீங்க யாரோட ஆளு?" என்று காண்ட்ராக்டர் கத்தினார்.

ஏணியில் இறங்கும்போதுதான் மாமியின் கிணறு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தேன். கீழே போய் ஒரு முறுக்கை வாயில் போட்ட பிறகுதான் குரலே வந்தது. "பிளான்ல இங்கே குழி கிடையாது. மூடுங்கோ. மூடற வரைக்கும் நானும் இங்கேதான்."

தெருவே குழியைச் சுற்றி நின்றது. எதிர்வீட்டு வக்கீல் எட்டிப் பார்த்து, "ஓய், உப்பு சரியா இருக்கா?" என்றார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பயப்படுங்கள், தப்பில்லை. சைட்டைப் போய்ப் பார்த்துவிட்டுப் பயப்படுங்கள்.

மத்தியானம் குழியை மூடினார்கள். டாங்க் தெருப்பக்கம் போனது. கார் ஷெட் வரவில்லை. எனக்கு மாற்றல் வந்தது, போனேன். ஃப்ளாட்டில் பன்னிரண்டு குடும்பமும் குடியேறியது; தெரு கீழே இறங்கவில்லை. மாமி அதே கிணற்றில் தண்ணீர் இறைத்து மாவு பிசைந்தாள்.