அக்காவுக்குத் தெரியாத ஹோட்டல்

சிட்னி நகரின் நடுவில் ஒரு சின்ன ஹோட்டல் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் எல்லோரும் போய் நிரப்பிவிடுவீர்கள், பிறகு எனக்கு அறை கிடைக்காது. குறைகளை மட்டும் சொல்கிறேன், அவற்றை ஒளிக்க வேண்டியதில்லை.

அதன் லிஃப்டில் இரண்டு பேர் போகலாம், அல்லது ஒருவரும் ஒரு பெட்டியும் போகலாம். என் வயிற்றை ஒரு தனி ஆளாகக் கணக்கெடுத்தால் நான் மட்டும்தான் போகலாம். ஆகவே முதலில் மனைவியையும் பெட்டியையும் அனுப்பிவிட்டு நான் படியால் ஏறினேன். அறைக்குள் பெட்டியைத் திறப்பதென்றால் ஒருவர் கட்டிலில் ஏறிவிட வேண்டும். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலின் வாய் குளியலறைப் பைப்புக்கு அடியில் போகாது. கோப்பையால் அள்ளி அள்ளித்தான் ஊற்றலாம். திரையை ஒரு திறப்புவிழாக்காரன் மாதிரி இழுத்துத் திறந்தேன். பக்கத்துக் கட்டடத்தின் சுவர். ஒவ்வொன்றும் நல்ல செங்கல்.

ஆனால் வாசலுக்கு இறங்கினால் கதையே வேறு. மூலையில் ரயில் நிலையம். சரிவில் கொஞ்சம் நடந்தால் படகுத்துறையும் கடல் காற்றும். மெல்பேணின் ஓரத்தில், ரோவிலில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு போத்தல் பால் வாங்குவதற்கே கார் எடுக்க வேண்டும். இங்கே வீட்டில் கட்டும் சறத்தோடு இறங்கினாலும் கோப்பிக்கடை காலில் தட்டுப்படும். எல்லாவற்றையும் விட முக்கியமானது எதிர்ப்பக்கக் கட்டடம். அதன் மூன்றாம் மாடியில்தான் மறுநாள் சனிக்கிழமை காலை மனைவிக்குச் சோதனை.

மனைவி ஊரில் பார்மசிஸ்ட். மெல்பேணில் பார்மசியில் உதவியாளர். அங்கே வேலை செய்யும் சின்னப் பிள்ளைகள் சந்தேகம் வந்தால் இவளிடம்தான் கேட்பார்கள், கேட்டுவிட்டுத் தாங்கள் கையெழுத்து வைப்பார்கள். இங்கேயும் பார்மசிஸ்ட் ஆவதற்கான எழுத்துச் சோதனை எல்லாம் தாண்டிவிட்டாள். வாய்ச் சோதனை மட்டும் காலை வாரிக்கொண்டே இருந்தது. நோயாளி மாதிரி நடிக்கும் ஒருவரோடு கதைத்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். மெல்பேணில் இடம் கிடைக்கவில்லை, சிட்னியில் கிடைத்தது. வரும் வழியில் விமானத்தில் சொல்லிவிட்டாள்: “இந்த முறையும் சறுக்கினால் நான் நிப்பாட்டுறன். பிறகு இதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கக் கூடாது.” அவள் நிப்பாட்டுறன் என்றால் நிப்பாட்டுவாள். ஒருமுறை சீனியை நிப்பாட்டினாள். அதன்பின் எங்கள் வீட்டில் நானும் சீனி சாப்பிட்டதில்லை, வெளிப்படையாக.

சிட்னியில் பென்டில் ஹில்லில் என் அக்கா, படிக்கிற மகளோடு இருக்கிறார். அக்கா இருக்கிற ஊரில் தம்பி ஹோட்டலில் தங்குவது எங்கள் ஆட்களிடம் சாதாரண விஷயமில்லை. அதற்கு வழக்குப் போட முடியாது, அவ்வளவுதான். போன முறையும் சிட்னியில்தான் சோதனை, அக்கா வீட்டில்தான் நின்றோம். அக்கா அன்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. இவளுக்கு வாழ்த்துச் சொல்ல உறவுகளையெல்லாம் கூப்பிட்டார். அவர்கள் வந்து, சாப்பிட்டு, தங்கள் தங்கள் பிள்ளைகள் எப்படிச் சோதனை பாஸ் பண்ணினார்கள் என்று விவரமாகச் சொல்லிப் போனார்கள். காலையில் அடுப்பிலிருந்து புட்டு இறங்குவதற்குள் ரயில் போய்விட்டது. இவள் மூச்சு வாங்க வாங்கப் போய், நோயாளியிடம் அவருடைய பெயரைக்கூடக் கேட்க மறந்தாள்.

இந்த முறை ஏன் அங்கே நிற்கப் போவதில்லை என்பதை அக்காவிடம் நான் சொல்கிறேன் என்று பொறுப்பெடுத்தேன். சொல்லவில்லை. அதைவிட ஹோட்டல் பதிவு செய்வது சுலபமாக இருந்தது.

பின்னேரம் இவளுக்குப் பயிற்சி. நான் நோயாளி. கட்டிலில் படுத்து, “ஐயோ, வயிறு” என்றேன். எவ்வளவு நாளாக என்று கேட்டாள். “உம்மைக் கலியாணம் கட்டின நாளிலை இருந்து” என்றேன். இதுவரை நடந்த எல்லாப் பயிற்சியும் இந்த இடத்தில்தான் முடிந்திருக்கிறது. இந்த முறை அவள் சிரிக்கவில்லை. “இஞ்சருங்கோ, ஒருக்கா வெளியிலை போயிட்டு வாங்கோ. சாப்பிட ஏதாவது வாங்கிக்கொண்டு வாங்கோ. உறைப்பு வேண்டாம்.”

நகர நடுவில் உலகத்துச் சாப்பாடெல்லாம் காலடியில் கிடந்தது. ஆனால் உறைப்பில்லாத நல்ல சாப்பாடு என்றதும் என் மூளைக்குத் தோசைதான் தெரிந்தது, தோசை என்றதும் சிட்னியிலேயே தோசைக் கடைகள் நிறைந்த ஹோம்புஷ் தெரிந்தது. பென்டில் ஹில் கடைக்குப் போனால் பிடிபடுவேன், ஹோம்புஷ்ஷில் இந்தியத் தமிழர்தான் நிற்பார்கள், ஒரு பயமும் இல்லை என்று ராணுவத் தளபதி மாதிரித் திட்டமிட்டு ரயில் ஏறினேன்.

தோசைப் பார்சலைக் கையில் வாங்கித் திரும்பினால் அக்காவின் கோயில் சிநேகிதி நிற்கிறார்.

“தம்பி! நீர் மெல்பேண் தம்பியெல்லோ? எப்ப வந்தனீர்?”

“இப்பதான் அன்ரி.”

“எங்கை நிக்கிறீர்?”

இந்தக் கேள்விக்கு எங்கள் ஆட்களிடம் ஒரே ஒரு சரியான பதில்தான் உண்டு. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“அக்கா வீட்டைதான்.”

“நல்லதாய்ப் போச்சு. நானும் அங்காலைதான் போறன். ஏறும், இறக்கி விடுறன்.”

“இல்லை அன்ரி, ரயில்...”

“காரிலை இடமிருக்க ரயிலிலையோ? உம்மடை அக்கா கேள்விப்பட்டால் என்னை என்ன நினைப்பா?”

என்னிடம் இருந்த பொய்க் கையிருப்பு இரண்டுதான், இரண்டும் முடிந்துவிட்டது. தோசையை மடியில் வைத்துக்கொண்டு, மனைவி இருக்கும் திசைக்கு நேர் எதிர்த் திசையில், சொந்தச் செலவில்லாமல் பயணம் செய்தேன். வழி முழுக்க அன்ரி என் அடக்கத்தைப் பாராட்டிக்கொண்டு வந்தார். அவ்வளவு பேசாமல் இருந்தேன்.

அக்கா கதவைத் திறந்தார். முதலில் என்னைப் பார்த்தார், பிறகு பார்சலை.

“டேய்! என்ன, சொல்லாமல் கொள்ளாமல்? அவள் எங்கை?”

“அவள்...”

“என்ர வீட்டுக்கு வரேக்கை கடைத் தோசையோ கொண்டு வாறாய்?”

அன்ரி காரிலிருந்து கையைக் காட்டிவிட்டுப் போனார். நான் குசினி வரைக்கும் அக்காவின் பின்னால் போனேன்.

“அவள் ஹோட்டலிலை, அக்கா. நாளைக்குச் சோதனை.”

அக்கா அடுப்பை அணைத்தார். ஒரு சின்ன இருமல் இருமினார்.

“போன முறை இஞ்சையிருந்துதானே போனவள்?”

“ஓம்.”

எத்தனையோ மாதமாக எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்த விஷயம் அந்த ஒரு ஓமோடு முடிந்துவிட்டது. அக்காவின் முகத்தில் அது இறங்குவதைப் பார்த்தேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது, எனக்கு அதற்குப் பழக்கம். அவர் ஏசவில்லை. ஆணியில் தொங்கிய கார்த் திறப்பை எடுத்தார்.

“தோசை ஆறுது. வா.”

ஹோட்டல் அறைக் கதவைத் திறந்த மனைவியின் முகம் போன போக்கை நான் விவரிக்கப் போவதில்லை. “மச்சாள், குறை நினையாதேங்கோ...” என்று தொடங்கினாள்.

“முதல்லை சாப்பிடு பிள்ளை” என்றார் அக்கா. பிறகு அறையைப் பார்த்தார். கதிரை, செங்கல் சுவர், கேத்தில். “இதையோ அறை எண்டு சொல்லுறியள்? என்ர வீட்டு உடுப்பு அலமாரி இதைவிடப் பெரிசு.”

மூன்று பேர் நிற்க அந்த அறை சம்மதிக்கவில்லை. வாசலில் நின்றால் கதவு பூட்டாது. நானே முன்வந்து குளியலறைக்குள் போய், கொமட் மூடியை இறக்கி அதன்மேல் உட்கார்ந்தேன். அந்த ஹோட்டலின் சுவர்கள் மிக மெல்லியவை. அதையும் குறை என்றுதான் நினைத்திருந்தேன்.

“எப்பிடிப் பிள்ளை சோதிப்பினம்?” அக்காவின் குரல்.

மனைவி விளக்கினாள்.

“அப்ப நோயாளியாய் நடிச்சு உன்னைப் பழக்குறது ஆர்? இவனோ?”

“ஓம்.”

“அதுதான் இத்தனை தரம் எழுதுறாய்.”

குளியலறையிலிருந்து நான் ஆட்சேபம் தெரிவிக்க வாய் திறந்தேன். “நீ பேசாமல் இரு” என்று இரண்டு குரல் ஒன்றாக வந்தது.

அக்கா கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. “சரி, என்னைக் கேள். எனக்கு இருமல். மருந்து தாரும், மிஸ்.”

மனைவி பெயரைக் கேட்டாள். எவ்வளவு நாளாக என்று கேட்டாள். மூன்று மாதம் என்றார் அக்கா. சளி உண்டா? இல்லை, வெறும் வறட்டு இருமல். காய்ச்சல்? இல்லை. இருமல் பாணி, கொத்தமல்லிக் குடிநீர், எல்லாம் குடித்தாயிற்று. நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, குசினியில் கேட்ட அந்தச் சின்ன இருமல் நடிப்பில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“வேறை மருந்து ஏதும் எடுக்கிறீங்களோ?”

“ஒண்டுமில்லை.”

இந்த இடத்தில் நானாக இருந்தால் ஒரு பகிடி விட்டிருப்பேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கம் அவளுடைய மௌனம்கூடக் கேட்டது. அது நல்ல மௌனம்; ஒருவரையும் அவசரப்படுத்தாத மௌனம். இவளுக்கு இப்படி ஒரு வித்தை தெரியும் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது. நான் அதற்கு இடம் விட்டிருந்தால்தானே.

“பிரஷருக்கு ஒரு குளிசை தந்தவங்கள்” என்றார் அக்கா, குரலைத் தாழ்த்தி. “ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னால் மெல்பேண் லண்டன் எல்லாம் போன் வரும். நீயும் இவனுக்குச் சொல்லிப் போடாதை.”

இவன் ஒரு முழத் தூரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் கொமட்டில் இருந்தான். எனக்குப் பிரஷர் இருக்கிறது என்று கண்டுபிடித்த அன்று அக்கா சிட்னியிலிருந்து பறந்து வந்து ஒரு கிழமை நின்று உப்பில்லாமல் சமைத்துத் தந்தவர்.

“எப்ப இருந்து மச்சாள்?” மனைவியின் குரல் மாறியிருந்தது. அது சோதனைக் குரல் இல்லை.

“அதுவும் ஒரு மூண்டு மாதம்தான்.”

“குளிசையின்ரை பேர் தெரியுமோ?”

அக்காவின் கைப்பைக்குள்ளேயே இருந்தது. மனைவி வாசித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: இந்த வகைக் குளிசை சிலருக்கு இப்படி வறட்டு இருமல் தரும். அதுதான் காரணமாக இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல டொக்டர் பார்க்க வேண்டும். வேறு குளிசைக்கு மாற்றுவார்கள். “ஆனால் நீங்களாய் நிப்பாட்டிப் போடாதேங்கோ. திங்கட்கிழமை போய்க் காட்டுங்கோ. இப்ப நான் சொன்னதை ஒருக்கால் திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்.”

அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் திருப்பிச் சொன்னார். என் அக்கா ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னதை என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டேன்.

கைப்பை பூட்டும் சத்தம் கேட்டது. “நாளைக்கு இப்பிடிக் கதைச்சால் போதும்” என்றார் அக்கா. “வேறை என்ன வேணும் உனக்கு? புட்டு வேண்டாம். அது விளங்கீற்றுது.”

மனைவி தயங்கினாள். “கொஞ்சம் தனிய இருந்தால்...”

“டேய், வெளியிலை வா. மாத்துடுப்பை எடு.”

அப்படித்தான் நான் தேடிப் பிடித்த ஹோட்டலிலிருந்து நானே வெளியேற்றப்பட்டேன். அந்த மெத்தையில் நான் படுத்தது வயிற்றுவலிக்காரனாக மட்டும்தான். பென்டில் ஹில்லில் மூன்று கறியோடு சாப்பாடு போட்டு, “இதுதானே முறை” என்றார் அக்கா. பிரஷரைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. சோற்றுக்கு உப்புக் கேட்கவுமில்லை.

சனிக்கிழமை தண்டவாள வேலை, ரயிலுக்குப் பதிலாக பஸ். அந்த பஸ் சிட்னியின் எல்லாச் சந்துகளையும் எனக்குக் காட்டி முடிக்க, சோதனை தொடங்கிவிட்டது. ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண், மனைவி நன்றாகத் தூங்கி, தேநீர் குடித்து, ஆறுதலாக வீதியைக் கடந்து போனதாகச் சொன்னார். நானும் கூட இருந்திருந்தால் என் டையைத் தேடுவதிலேயே அந்த நேரம் போயிருக்கும்.

வெளியே வந்தவளின் நடையிலேயே தெரிந்தது, ஆனாலும் கேட்டேன்.

“எப்பிடி?”

“பெயரைக் கேட்டனான்” என்றாள், சிரித்துக்கொண்டு. “எல்லாம் கேட்டனான். அவையள் சொல்லி முடிக்கும் வரைக்கும் இருந்தனான்.”

படகுத்துறை வரை நடந்து போய், காற்றில் நின்று, மீனும் சிப்ஸும் சாப்பிட்டோம். கடற்பறவை ஒன்று என் பங்கில் பாதியைக் கொண்டுபோனது. அவளுடையதைத் தொடவில்லை, ஆளைப் பார்த்துத்தான் எடுக்கும் போல.

சில கிழமை கழித்து முடிவு வந்தது. மனைவி பாஸ். எனக்குச் சொல்வதற்கு முன்னால் அக்காவுக்குத்தான் போன் எடுத்தாள். எதிர்முனைக் கூச்சலைக் கேட்டுத்தான் எனக்கே தெரிந்தது. இருமல் இல்லாத, சுத்தமான, பழைய கூச்சல். இரண்டு பேரும் கொஞ்சம் அழுதார்கள், கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு போனை என்னிடம் தரச் சொன்னார் அக்கா. வாழ்த்தப் போகிறார் என்று நினைத்து நிமிர்ந்து நின்றேன்.

“டேய், அந்த அலமாரி ஹோட்டலின்ரை பேர் என்ன? என்ர மகளுக்கும் அடுத்த மாதம் அதே கட்டடத்திலைதான் சோதனை.”