உப்பு ஐஸில் வந்த ஊசிமருந்து

மாக்கிறேற்றுக்கு ஒரு பக்கத்துச் சூலகம் இல்லை. கட்டி என்று யாழ்ப்பாணத்தில் வெட்டி எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு தங்கிய இரண்டு கருவும் மூன்றாம் மாதத்தைக் காணவில்லை. 1989 ஆனியில் அவள் மறுபடி முழுகாமல் இருந்தபோது, நெடுந்தீவு வீட்டில் மாமி அல்போன்சம்மா பிள்ளைப் பேச்சையே எடுக்கவில்லை. ஏச்சைவிட அது அதிகம் சுட்டது.

யாழ்ப்பாணத்து டொக்டர் வாரத்துக்கு இரண்டு ஓமோன் ஊசி எழுதினார்.

"அது சூலகத்துக்கு வேலை சொல்லுற மருந்தாமே. எனக்கு ஒண்டுதானே மிச்சம், டொக்டர்?"

"ஒண்டு போதும். கருப்பைச் சுவரிலயும் இந்த ஓமோனைப் பிடிக்கிற வாங்கிகள் இருக்கெண்டு இப்ப எழுதுகினம். ஆனால் பிள்ளை தங்குமெண்டு உறுதி சொல்ல ஏலாது."

அந்தக் கடைசி வசனத்துக்காகவே அவள் அவரை நம்பினாள். உறுதி சொன்னவர்களை அவள் முன்பே கண்டிருந்தாள்.

சோழகக் காற்றில் கொந்தளிக்கும் கடலில் வாரம் இருமுறை வந்துபோக முடியாது. மருந்தை ஊருக்குக் கொண்டுபோய், ஆஸ்பத்திரித் தாதி இராசமணி மிஸியிடம் ஏற்றிக்கொள்வதென்று முடிவாயிற்று. வெயிலில் சூடேறாமல் கொண்டுபோகவேண்டும். புருஷன் கிறிஸ்தோப்பர் மீன்பெட்டியில் ஐஸ் நிரப்பினான். குளிர் கூடட்டுமென்று, பாரைமீனுக்குப் போடுவதுபோல, அள்ளி உப்பும் போட்டான்.

இராசமணி பெட்டியைத் திறந்தபோது, மருந்தைக் கரைக்கும் தண்ணீர்க் குப்பிகள் உறைந்து வெடித்திருந்தன.

"கருவாடெல்லோ போட்டிருக்கிறியள், அண்ணை!"

"ஆண்டவருக்கே விருப்பமில்லைப் போல. விடு பிள்ளை," என்றாள் அல்போன்சம்மா.

மாக்கிறேற் ஐஸுக்குள் கையை விட்டாள். தூள்மருந்துக் குப்பிகள் ஒன்றும் உடையவில்லை.

"தூள் இருக்கு, மிஸி. கரைக்கத் தண்ணி உங்களிட்ட இல்லையோ?"

"தண்ணி இருக்கு. ஆனால் டொக்டரைக் கேக்காமல் ஏத்தமாட்டன்."

மாக்கிறேற் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "உப்புப் போட்டது நீங்கள். கேட்டுக்கொண்டு வாறதும் நீங்கள்தான்."

"இந்தக் காத்துக்கையோ?"

"ஓம், இந்தக் காத்துக்கைதான்."

அடுத்தநாள் அவன் லோஞ்சுப் படகில் யாழ்ப்பாணம் போனான். அவள் ஆஸ்பத்திரி விறாந்தையில் மரவாங்கிலில் குந்தியிருந்தாள். மாமி சோறு கொண்டுவந்து வீட்டுக்குக் கூப்பிட்டும் எழும்பவில்லை. பொழுதுபடக் கிறிஸ்தோப்பர் தலை முதல் கால் வரை நனைந்து வந்து நின்றான்.

"தூள் காய்ஞ்சிருந்தாப் பழுதில்லையாம். ஏத்தட்டாம்."

இராசமணி ஏற்றினாள். ஊசிகள் முடிந்தன, மூன்றாம் மாதமும் கடந்தது. மாசியில் பெண்பிள்ளை பிறந்தது.

பிள்ளையைக் காட்டப் போனபோதும் டொக்டர் தன் பேச்சை மாற்றவில்லை. "ஊசியாலயோ, தானாத் தங்கினதோ, என்னால சொல்ல ஏலாது."

"நீங்கள் சொல்லவேண்டாம், டொக்டர். இன்னொண்டு தங்கினாலும் வந்து ஏத்துவன்."

"உப்பில்லாமல்," என்றான் கிறிஸ்தோப்பர்.