நபீலாவின் பெயரில் போன பிள்ளை

குறிஞ்சிப்பிட்டி நபீலாவுக்கு ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்க மற்றப் பிள்ளைகளைவிட மூன்று மடங்கு நேரம் எடுக்கும். வலது காலும் பிறவியிலேயே இழுக்கும். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. தரம் பத்து வரை பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் எதிலும் சேர்த்ததில்லை.

2018இல் மாகாண ரோபோப் போட்டிக்கு அறிவித்தல் வந்தது. இயலாமையுள்ள ஒரு பிள்ளையாவது அணியில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பொறுப்பாசிரியர் நளீர் நபீலாவின் பெயரை எழுதிக்கொண்டார். "நீங்க சும்மா இருந்தாப் போதும்," என்றார்.

அவள் சும்மா இருக்கவில்லை. தரையில் வரைந்த கறுப்புக் கோட்டின் மேல் ஓடவேண்டிய சின்ன ரோபோ வண்டி, வளைவு வந்ததும் வெளியே பாய்ந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் ஒரு மாதம் சக்கரங்களை மாற்றிப் பார்த்தார்கள். நபீலா கணினியில் இடது கையின் ஒரு விரலால் தட்டித் தட்டி, வளைவில் வேகத்தைக் குறைக்கும் கட்டளையை எழுதினாள். வண்டி திரும்பியது. அணியில் இருந்த அவளுடைய சாச்சியின் மகள் ஸும்ரா கைதட்டினாள்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் நளீர் வீட்டுக்கு வந்தார். போட்டி பிற்போடப்பட்டதாம். "ஊன்றுகோல்ட ரப்பர் தேஞ்சி போச்சு. புத்தளத்துல மாத்தித் தாறன்," என்று அதை வாங்கிக்கொண்டு போனார். உம்மா மைமூனா அவருக்காக துஆ கேட்டாள்.

மூன்று நாள் நபீலா தரையில் தவழ்ந்து கழிவறைக்குப் போனாள். நான்காம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பள்ளிக்கூடத்துக்கு முதலிடம். கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஸும்ரா. கக்கத்தில் நபீலாவின் ஊன்றுகோல், நெஞ்சில் குத்திய அட்டையில் நபீலாவின் பெயர்.

மைமூனா பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

"நடுவர்மாருக்கு வெளக்கஞ் சொல்ல அஞ்சு நிமிஷம்தான் தாறாங்க. ஒங்கட மகள் வாயைத் திறக்கவே அது முடிஞ்சிரும்," என்றார் நளீர். "பேர் அவட பேர்தானே? இன்னும் என்ன வேணும்?"

ஊன்றுகோலை மேசைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ரப்பர் மாற்றப்படவில்லை.

அடுத்த நாள் ஸும்ராவிடம் நபீலா ஒன்றைத்தான் கேட்டாள். "என்ன... கே...ட்டாங்க?"

"வளைவுல ஏன் வேகம் கொறையுதெண்டு கேட்டாங்க. எனக்கென்ன தெரியும்? வாயைக் கோணி ஒன்னப்போல இழுத்தன். பாவம், விடுங்க எண்டுட்டாங்க." ஸும்ரா சிரித்தாள்.

நபீலாவுக்கு விடை தெரியும். சொல்லத் தொடங்கினாள். இரண்டு சொல் வரும்வரை நின்ற ஸும்ரா, பிறகு கூட்டாளிகளோடு போய்விட்டாள்.

அதன்பிறகு நபீலா பள்ளிக்கூடம் போகவில்லை. வரவு இடாப்பிலிருந்து அவள் பெயரை யாரும் வெட்டவுமில்லை. அடுத்த வருடப் போட்டிப் படிவத்திலும் அது இருந்தது. பெற்றோர் கையெழுத்துக்காகப் படிவத்தைக் கொண்டுவந்த நளீர், ஜனவரியில் அதே பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பில் சேரவிருந்த மைமூனாவின் சின்ன மகளைப் பற்றி அக்கறையாக விசாரித்தார்.

மைமூனா கையெழுத்துப் போட்டுவிட்டு, அவருக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.