மிரளாத ஆந்தை

ஹில்யா மாட்டிலாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆந்தை விஷயத்தில் மட்டும் ஊரே அதைப் பொறுத்துக்கொண்டது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடக்குச் சதுப்பில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ஒரு புல்வயலும் இரண்டு குதிரைகளும் வைத்திருக்கிறவள். பனிக்காலத்தில் ஆந்தை பார்க்கக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வரும் நகரத்துக்காரர்கள் பெட்ரோல் பங்கில் வழி கேட்டால், "ஹில்யா வீட்டுக்குப் போங்க" என்பதுதான் பதில்.

வந்தவர்கள் கிசுகிசுத்தால் ஹில்யாவுக்குச் சிரிப்பு வரும். "சத்தமாவே பேசுங்க. உங்களை அது ஒரு ஆளாவே மதிக்காது. காட்டுலயே கிடக்கிறதுக்கு மனுஷனைக் கண்டா பயப்படணும்னு யாரு சொல்லிக் குடுத்தா?" என்பாள். அவள் சொன்னது பொய்யில்லை. சாம்பல் ஆந்தையின் குணம் அப்படித்தான்.

அந்த வருடம் வந்தது பெரிய பறவை. வயலோரத்து டமராக் மரத்தில் உட்கார்ந்தால் யாரோ கால்மிதியைச் சுருட்டிக் கிளையில் வைத்த மாதிரி இருக்கும். அத்தனையும் இறகு, உள்ளே இருப்பது ஒரு கோழி கனம்கூடத் தேறாது. தட்டு மாதிரி முகம், அதில் வளையம் வளையமாகக் கோடுகள், சின்ன மஞ்சள் கண்கள், தாடைக்குக் கீழே வெள்ளைப் பட்டை. பனியைப் பார்த்து முகத்தைச் சாய்க்கும். முழங்கால் ஆழப் பனிக்கு அடியில் வயலெலி வளை தோண்டுவது அதற்குக் கேட்டுவிடும். சத்தமே இல்லாமல் பறந்து வந்து, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, தலைகுப்புற விழும். கடைசி நொடியில் கால்கள் முன்னே வரும். பாதி உடம்பு பனிக்குள் போய், எலியோடு எழுந்திருக்கும். வேலியோரம் காப்பியோடு நிற்கும் ஹில்யா, "போட்டுச்சு பாரு!" என்று குதிரைகளிடம் கத்துவாள்.

இலையுதிர் காலத்தில் எலிகள் அவளுடைய வண்டியின் ஒயரைக் கடித்து, ஓட்ஸ் தொட்டியிலும் இறங்கியிருந்தன. கடையில் பச்சைக் கட்டி எலி மருந்து வாங்கிக் கொட்டகை முழுக்க வைத்தாள். எலித் தொல்லை ஒழிந்தது. ஆனால் கொட்டகைக்குள் செத்த எலி அதிகம் கிடைக்கவில்லை. அவை எங்கே போய்ச் செத்தன என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

ஜனவரியில் ஆந்தை மரத்தை விட்டு வேலிக் கம்பத்துக்கு வந்தது. கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கம். நகரவில்லை. பக்கத்துப் பண்ணை வெய்னோ பார்த்துவிட்டு, "என்ன ஹில்யா, உன்னைக் கட்டிக்கப் போகுதா?" என்றார்.

"உன்னைவிட அது நல்ல ஜோடிதான்" என்றாள் அவள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காப்பி குடிக்கும்போது எல்லோரிடமும் பீற்றிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க வாசலில் கார்கள்.

ஒரு காலையில் எலி ஒன்று பனிக்கு மேலேயே, கம்பத்துக்கு நேர் கீழே, தள்ளாடி ஓடியது. ஆந்தை அதைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது.

"வயிறு ரொம்பியிருக்கும்" என்றார் அன்றைக்கும் வந்திருந்த வெய்னோ.

ஹில்யா கம்பத்தை ஒட்டிப் போனாள். முதல் தடவையாகக் கையை நீட்டி அதன் மார்பைத் தொட்டாள். அது கண்ணை மூடிக்கொண்டது. அலகின் ஓரத்தில் ரத்தம். கீழே பனியிலும் சொட்டுச் சொட்டாக ரத்தம்.

"வெய்னோ, உன் கொட்டகையில மருந்து வச்சியா?"

"என்கிட்டதான் அஞ்சு பூனை இருக்கே. மருந்து எனக்கு எதுக்கு?" என்றவர், அவளுடைய கொட்டகைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஓட்ஸ் பெட்டியில் ஆந்தையை வைத்து, தன் கோட்டால் மூடி, டுலூத் நகரத்துக்கு வண்டியை விரட்டினாள். "மருந்து தின்ன எலியைத் தின்னிருக்கு, ரத்தம் உறையலை" என்று பறவை வைத்தியம் பார்க்கும் பெண் ஊசி போட்டாள். "எத்தனை நாளா இப்படிக் கிட்ட வருது?"

"ஒரு வாரமா."

"ஒரு வாரமாவா? உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

ஹில்யா பெட்டியில் கிடந்த தன் கோட்டை எடுத்து மடித்தாள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அது பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துச் சுடும் என்று யாரும் சொல்வதில்லை. வெளிச்சம் போவதற்குள் ஆந்தை செத்துவிட்டது.

மறுநாள் வாசலில் ஒரு கார் நின்றது. கேமராவோடு கணவனும் மனைவியும் இறங்கினார்கள். "மேடம், மனுஷங்ககிட்ட பழகின ஆந்தை ஒண்ணு இங்க இருக்காமே? தொடக்கூட விடுமாமே?"

வாயில் பழைய பதில்தான் முதலில் வந்தது. அதை விழுங்கினாள்.

"அது பழகலை. செத்துக்கிட்டு இருந்துச்சு" என்றாள் ஹில்யா. "மருந்து வச்சது நான். கார் காரா ஆளைக் கூட்டியாந்து அதை வேடிக்கை காட்டினதும் நான்தான்."