நான் பிழையாய் எழுதிய நேரம்

நான் மழை கேட்டு ஜெபம் பண்ணினவள். அந்த மழைதான் என் கணவரைக் கொண்டுபோய்விட்டது என்று நான்கு நாள் நம்பினவள். இன்றைக்கு அவர் இந்தச் சபையின் பின்வரிசையில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். கர்த்தருக்கு நன்றி. இது எப்படி நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத்தான் எழும்பி நிற்கிறேன். சுருக்கமாய்ச் சொல்லு என்று வீட்டில் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அது வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது 1988 கோடை. நானும் மகளும் எஸ்பியர்க்குக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. என் கணவர் ஓமானில் றோட்டுப் போடும் ஒரு கொம்பனியில் லொறி ஓடிக்கொண்டிருந்தார். ஊரில் பிரச்சினை முற்றுமுன்னமே வேலைக்கென்று போனவர். பிறகு யாழ்ப்பாணத்தில் இருக்க முடியாமல் நான் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டு, எப்படியோ டென்மார்க்கில் வந்து விழுந்தேன். இங்கே இருக்க அனுமதி கிடைத்த கையோடு அவரைக் கூப்பிட விண்ணப்பம் போட்டேன். போட்டதுதான். பதில் வரவில்லை. எங்கள் தமிழ்ச் சனத்தின் குடும்பப் பத்திரங்கள் எல்லாம் அந்த நேரம் அப்படித்தான் கிடந்தன. இப்போது அது பெரிய வழக்காகி நாடே அதைப் பற்றிக் கதைக்கிறது. அன்றைக்கு எங்களுக்கு ஒரு கோதாரியும் விளங்கவில்லை. காலையில் தபால் பெட்டியைத் திறப்போம், மூடுவோம்.

அவருடைய கடிதங்கள்தான் எனக்குத் துணை. அவர் இருந்த இடம் ஓமானின் தெற்குப் பக்கம். அங்கே கோடையில் கடலில் இருந்து பருவக்காற்று அடிக்குமாம். கடல் பக்கம் ஒரு மலை. மலையின் அந்தப் பக்கம் மூன்று மாதத்துக்கு ஒரே தூறலும் பனிப்புகாரும், புல்லெல்லாம் பச்சை, தோய்த்த சட்டை காயாதாம். மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் வனாந்தரம். இவருடைய காம்ப் இந்தப் பக்கம். "மலைக்கு மேல முகில் கறுத்துக்கொண்டு நிக்குது. நாங்கள் அண்ணாந்து பாத்துக்கொண்டு நிக்கிறம். ஒரு சொட்டு இஞ்சால வராது" என்று எழுதியிருந்தார். தகரக் கொட்டிலுக்குள் படுக்க முடியாது. ஸ்டியரிங்கைத் துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டும். காற்று அடித்தால் சோற்றுக்குள் மணல்.

இதை நான் வாசித்தபோது வெளியே எஸ்பியர்க் மழை ஜன்னலில் சாத்திக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. என் குணம் உங்களுக்குத் தெரியும்தானே, ஆண்டவரோடும் நான் அப்படித்தான். "இங்கே யார் கேட்டது இந்த மழையை? இதில் கொஞ்சத்தை அங்கே அனுப்ப உமக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டேன். அன்று முதல் என் கணவருக்கு மழை வேண்டும் என்று ஜெபம். தேவாலயத்தின் பக்கத்து மண்டபத்தில் சனிக்கிழமைகளில் கூடும் எங்கள் சின்ன ஜெபக் கூட்டத்திலும் அதைச் சொல்லி, எல்லாரையும் மழைக்கு ஜெபிக்க வைத்தேன்.

இன்னொரு விஷயத்தையும் இப்போதே சொல்ல வேண்டும். அவரும் நானும் ஒரே நேரத்தில் ஜெபிப்பது என்று கடிதத்திலே ஒப்பந்தம் செய்திருந்தோம். மீன் பக்டரியில் எனக்குப் பன்னிரண்டு மணிக்கு இடைவேளை. அது அவருக்குப் பின்னேரம் மூன்று மணி. நான் உடுப்பு மாற்றும் அறையில், கொழுவியிருக்கிற கோட்டுகளுக்கு நடுவே, மீன் நாற்றத்தோடு நின்று ஜெபிப்பேன். அவர் அங்கே ஜெபிப்பார். தூரம் தெரியாது.

இங்கே பங்குனி கடைசியில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் மாற்றுவார்கள் அல்லவா? முதல் வருஷம் அது தெரியாமல் வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்கினேன். அதனால் இரண்டாம் வருஷம் வலு கவனம். உடனே அவருக்கு எழுதினேன்: "இஞ்ச எங்கட மணி ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போட்டுது. நீங்களும் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வையுங்கோ. இனி மூண்டு இல்லை, நாலு மணி. மறந்துபோகாதேங்கோ." எழுதிவிட்டு, எனக்கும் இந்த நாட்டுக் கணக்கு விளங்கிவிட்டது என்று ஒரு பெருமை.

ஆடி மாதம் ஒரு கடிதம் வந்தது. "இப்ப பின்னேரத்தில வாடியிலதான் ஓய்வு. மெத்தெண்ட மணல், கரை நிழல், நல்ல குளிர்மை. என்னோட லொறியில வாற மற்ற ரெண்டு பேரும் நல்ல நித்திரை கொள்ளுவினம்." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் ஊரில் வாடி என்றால் கடற்கரையில் மீன்பிடிகாரர் போட்டிருக்கிற கொட்டில். கொம்பனி இவர்களுக்கு நல்ல ஓலைக் கொட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறது என்று நினைத்தேன். சனிக்கிழமை கூட்டத்தில் எழும்பி, "அவருக்கு வாடி கிடைச்சிட்டுது. இனி மழை மட்டும்தான் வேணும்" என்று நன்றி சொன்னேன்.

எங்கள் ராசன் அண்ணை ஓமானில் ஆறு வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். குடித்துக்கொண்டிருந்த கோப்பியைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, என்ன சொன்னீர்? வாடியோ?"

"ஓம் அண்ணை."

"அது எங்கட வாடி இல்லை பிள்ளை. அரபியில வாடி எண்டால் காய்ஞ்ச ஆறு. எங்கயோ மலையில மழை பெய்யும். இஞ்ச வெயில் எறிச்சுக்கொண்டிருக்க வெள்ளம் வந்து அடிச்சுக்கொண்டு போயிடும். அதுக்குள்ள ஆரும் நிக்கப்படாது."

யாழ்ப்பாணத்தில் எங்கே ஆறு இருக்கிறது? எங்களுக்குத் தெரிந்தது கிணறும் குளமும். தண்ணீர் இருந்த இடத்தில் இருக்கும், நாங்கள் போய் அள்ளுவோம். தண்ணீர் மனுஷரைத் தேடி ஓடி வரும் என்று இவருக்கு எப்படித் தெரியும்? நானோ நாள் தவறாமல் அந்த மலைக்கு மழை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே கடிதம் எழுதிப் போட்டேன். அது போய்ச் சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். காம்பில் ரெலிபோன் இல்லை. நகரத்து ஒபீஸ் நம்பருக்கு எடுத்தேன், அரபியில் ஏதோ சொல்லி வைத்துவிட்டார்கள். "கர்த்தாவே, நான் கேட்ட மழையைத் தராதேயும்" என்று திருப்பி ஜெபித்தேன். போட்ட கடிதத்தைத் திருப்பித் தா என்று தபால்காரனுக்குப் பின்னால் ஓடுகிறது போல இருந்தது.

என் கடிதம் போய்ச் சேரவில்லை. ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை ரெலிபோன் அடித்தது. இந்த நாட்டிலேயே டோஸ்ட்ருப்பில் இருந்த ஒரு தம்பி. அவருடைய அண்ணனும் அதே கொம்பனியில் வேலை; நகரத்தில் நின்று தம்பிக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, நேற்று அத்தான்ட லொறியை வெள்ளம் கொண்டுபோட்டுதாம். றோட்டும் அறுந்துபோச்சாம். ஆக்களைப் பற்றி ஒண்டும் தெரியாதாம்."

அந்த நான்கு நாளையும் எப்படிச் சொல்லுவது? வீட்டில் நின்றால் மகள் என் முகத்தைப் பார்த்துவிடுவாள் என்று வேலைக்குப் போனேன். மீனை வெட்டினேன். பக்கத்தில் நிற்கிற டெனிஷ் பெண் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போனது. பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் கோட்டு அறைப் பக்கம் போகவில்லை. எந்த வாயால் ஜெபிக்கிறது? கேட்டது நான், தந்தது ஆண்டவர். என் வாயே என் தாலியை அறுத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கால் தானாக அந்த அறைக்குப் போனது. ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "எனக்கு மழையும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். விசாவும் வேண்டாம். மனுஷனைத் தாரும்." அவ்வளவுதான் சொன்னேன்.

சனிக்கிழமை கூட்டத்தை மண்டபத்தில் வைக்காமல் எல்லாரும் என் வீட்டுக்கு வந்தார்கள். ராசன் அண்ணை ஜெபத்தைத் தொடங்க வாய் திறந்தார். ரெலிபோன் அடித்தது. நான் எடுக்கவில்லை, பயம். அண்ணைதான் எடுத்து, கேட்டு, என் காதில் வைத்தார்.

"இஞ்சாரும், நான்தான்."

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அவர் காசு முடியுமுன்னம் சொல்ல வேண்டும் என்று கடகடவென்று சொன்னார்.

மூன்று பேரும் வழமைபோல வாடியில் லொறியை விட்டிருக்கிறார்கள். மற்ற இருவரும் லொறி நிழலில் படுத்துவிட்டார்கள். "நான் ஜெபம் பண்ணேக்க பகிடி பண்ணுவாங்கள் எண்டு நான் எப்பவும் கரைக்கல்லுக்கு மேல ஏறிப்போறனான். நீர் எழுதின நாலு மணிக்கு ஒரு நிமிசம் பிந்த மாட்டன்" என்றார். அன்றைக்கும் ஏறியிருக்கிறார். தலைக்கு மேல் வானம் நீலமாய் இருந்ததாம், ஒரு முகில் இல்லை. கண்ணை மூடினவருக்கு நிறைய லொறி ஒன்றாய் வருகிற மாதிரி இரைச்சல். கண்ணைத் திறந்தால் வளைவில் மண்ணிறத்தில் தண்ணீர், முழு மரங்களோடு. இவர் குழறின குழறலில் கீழே படுத்திருந்த இருவரும் எழும்பி, ஒருவர் ஒற்றைச் செருப்போடு, கல்லில் ஏறியிருக்கிறார்கள். லொறி அவர்களுக்கு முன்னால் தீப்பெட்டி மாதிரி உருண்டு போனதாம். றோட்டு அறுந்ததால் நடந்து, இன்னொரு காம்பைப் பிடித்து, நகரத்துக்கு வர நான்கு நாள்.

ரெலிபோன் அறுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "நாலு மணியெண்டால் எனக்கு அப்ப எத்தினை மணி, அண்ணை?" என்று கேட்டேன்.

ராசன் அண்ணை ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "கோடையில ரெண்டு மணித்தியாலம்தான் வித்தியாசம் தங்கச்சி. உம்மட பன்னெண்டு அவருக்கு ரெண்டு மணி. நீர் கழிக்க வேண்டியதைக் கூட்டிப்போட்டீர்."

நான் சரியாய் எழுதியிருந்தால் அவர் இரண்டு மணிக்கு ஜெபித்திருப்பார். நான்கு மணிக்கு மற்ற இருவரோடும் லொறி நிழலில் நித்திரையாய் இருந்திருப்பார். யாரோ அழத் தொடங்கினார்கள், பிறகு எல்லாரும் அழுதோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கு நான்கு மணி ஆனபோது எனக்கு இங்கே இரண்டு மணி. நான் ஜெபத்தில் இருக்கவில்லை. கத்தி மொட்டை என்று மேற்பார்வையாளனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். நான்கைந்து மாதமாய் நாங்கள் ஒன்றாய் ஜெபிக்கிறோம் என்று நான் நினைத்த ஒரு நாளும் நாங்கள் ஒன்றாய் ஜெபிக்கவில்லை. அதைக் கர்த்தர் குற்றமாய் எடுக்கவில்லை. இரண்டு நேரத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷக் கடைசியில் பத்திரம் அசைந்தது. அவர் வந்து இறங்கின அன்றைக்குச் சரியான மழை. மகளைத் தூக்கினார், என்னைப் பார்த்தார், "இந்த மழைக்கும் நீரோ ஜெபம் பண்ணினது?" என்றார். அழுது முடித்துச் சிரிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாடி என்ற கதையையும் அன்றைக்குத்தான் முழுதாய்க் கேட்டேன். போர்மன் பள்ளத்தைக் காட்டி "வாடி, வாடி" என்று கத்தினது, நிற்காதே என்பதற்கு. இவர் அதை எங்கள் ஊர் வாடி என்று நினைத்து, அங்கே போய் ஓய்வெடு என்று விளங்கிக்கொண்டாராம். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேருக்கும் ஒரே மண்டை.

அதற்குப் பிறகு நான் மாறிவிட்டேன். முன்பெல்லாம் ஆண்டவருக்கு வேலை சொல்லிக் கொடுப்பேன்: இந்த இடத்தில் இவ்வளவு மழை, இந்தத் தேதிக்குள் இந்தப் பத்திரம். இப்போது ஆளின் பெயரைச் சொல்லி, பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறேன். வாய் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று என் கணவரும் ஒத்துக்கொள்ளுவார்.

உங்களில் சிலருக்கு இன்னும் மனைவி வரவில்லை, பிள்ளைகள் வரவில்லை. சரியாய் ஜெபிக்கத் தெரியவில்லை, அதனால்தான் ஆண்டவர் கேட்கவில்லையோ என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டீர்கள். என்னைப் பாருங்கள். நான் கேட்டது பிழை. விளங்கினது பிழை. எழுதின நேரமும் பிழை. தெரிந்த மாதிரிக் கேளுங்கள், கேட்பதை மட்டும் விடாதேயுங்கள். என் பிழையில்தான் மூன்று மனுஷர் பிழைத்தார்கள். அதில் ஒருவர் இதோ, நேரம் போய்விட்டது என்று பின்னால் இருந்து மணிக்கூட்டைக் காட்டுகிறார்.